நூறு நாளும் ஒரே முகம்

லிங்கநகர்,
திருகோணமலை.
06.06.1991

அன்புள்ள மைத்துனர் யோகலிங்கத்துக்கு உம்முடைய அத்தான் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உம்முடைய அக்கா இராசமலரும் இருக்கிறோம். கடிதத்தில் இந்த இடத்தில் நலம் என்று எழுதவேண்டும், எழுதினேன் என்று வைத்துக்கொள்ளும். நீரும் மனைவி பிள்ளைகளும் அந்தப் பனிக்குள் கைகால் விறைக்காமல் இருக்கக் கோணேசப் பெருமானை வேண்டுகிறேன். அவருக்கு இப்போது இந்த ஊர் வேலையே தலைக்கு மேலே கிடக்கிறது. இருந்தாலும் கனடாவையும் ஒருக்கால் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

இந்தக் கடிதம் எழுதுவது உம்முடைய அக்காவுக்குத் தெரியாது. அவள் காளி கோயிலுக்குப் போயிருக்கிறாள். திரும்பி வருவதற்குள் எழுதி ஒட்டி முடிக்கவேண்டும், ஆகையால் எழுத்து ஓடும், நீரும் கூடவே ஓடி வாரும். விஷயம் ஒரு போட்டோ. கிளிவெட்டியில் நடந்த உம்முடைய கலியாணத்தில், மணவறைக்குப் பக்கத்தில் எடுத்த ஒரு போட்டோவில் எங்கள் குகதாசன் நிற்கிறான். அப்போது பன்னிரண்டு வயது. கையில் பன்னீர்ச் செம்பு. உம்முடைய மாமனாரின் வேட்டியில் அரைச் செம்பை ஊற்றிவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி நிற்பான். அந்தப் போட்டோவை உடனே பதிவுத் தபாலில் அனுப்பும். அக்கா இதைப்பற்றி உமக்கு எழுதியதாகவும், வீடு மாறும்போது ஆல்பம் தவறிவிட்டது என்று நீர் பதில் போட்டதாகவும் என்னிடம் சொன்னாள். நான் நம்பவில்லை. கலியாண ஆல்பத்தைத் தவறவிட உம்முடைய மனைவி விட்டிருக்கமாட்டா. உமக்கு ஏதோ சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன், அதை மனதில் வைத்துக்கொள்ளாமல் மேலே படியும்.

பெற்ற பிள்ளையின் ஒரு போட்டோவுக்காக ஏன் இந்த மனுசன் கனடாவரைக்கும் கை நீட்டுகிறான் என்று நீர் கேட்பீர். அதை நான் இதுவரை உமக்கு எழுதவில்லை. வெட்கம். போன வருஷம் ஆடி மாதம் இங்கே நிலைமை மோசமாய்க் கிடந்த நேரத்தில் ஒரு கதை அடிபட்டது. சுற்றிவளைப்புக்கு வருகிற ஆமிக்காரர் வீடு வீடாய்ப் போட்டோ தேடுகிறார்களாம், பொடியன்களின் போட்டோ அகப்பட்டால் கொண்டுபோய், முகத்தை மூடிக்கொண்டு ஆள் காட்டிக்கொடுக்கிற தலையாட்டிக்குக் காட்டுகிறார்களாம், அவன் தலையை ஆட்டினால் முடிந்ததாம். இதைக் கேட்ட மத்தியானமே நான் அலுமாரியைத் திறந்தேன். முப்பத்தொரு வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவன் ஒரு வேலையையும் அரைகுறையாய்ச் செய்யமாட்டான். எல்லாவற்றையும் வருஷ வாரியாக அடுக்கினேன். தொட்டிலில் கிடந்தது, ஏடு தொடக்கினது, பள்ளிக்கூட வகுப்புப் படம், கிரிக்கெட் கோஷ்டியோடு நின்றது, அடையாள அட்டைக்கு எடுத்த நாலு பிரதி. குசினிக்குக் கொண்டுபோய் அடுப்பில் ஒவ்வொன்றாக வைத்தேன். இராசமலர் என்னுடைய கையைப் பிடித்தாள். நான் கத்தினேன். அவள் விட்டுவிட்டாள். நான் கை கழுவக் கிணற்றடிக்குப் போய் வருவதற்குள், சோறு வடிக்கிறேன் என்று போய் இரண்டு விரலைச் சுட்டுக்கொண்டு நின்றாள். “கண்ணை எங்க வைச்சுக்கொண்டு கஞ்சி வடிக்கிறாய்?” என்று அதற்கும் ஏசினேன். மருந்தும் நான்தான் கட்டினேன்.

நாலாம் நாள் காலை பத்து மணிக்குப் பாண் வாங்கிவரப் போன பிள்ளையைச் சந்தியில் வைத்துக் கொண்டுபோய்விட்டார்கள். போட்டோவைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. அவர்களுக்குப் போட்டோ தேவைப்படவில்லை, ஆளே கிடைத்துவிட்டான். போட்டோ இல்லாமல் திண்டாடுகிறது நாங்கள்தான். எங்கே போய் யாரைக் கேட்டாலும் முதல் கேள்வி, ‘போட்டோ இருக்கா?’ இல்லை என்றால் ஏன் இல்லை. எரித்துவிட்டேன் என்றால், பெற்ற தகப்பனா என்று ஒரு பார்வை. அந்தப் பார்வை சரியானதுதான்.

பிறகு நான் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தேன். ஐந்து மாதம் படுத்தேன். அந்தச் சுவரில் ஒரு வெடிப்பு இருக்கிறது. ஓரடி ஏழு அங்குல நீளம், நடுவில் ஒரு கிளை. எழுந்து அளக்கவில்லை, கண்ணாலேயே அளந்தேன். துறைமுகத்தில் படவரைஞராய் இருந்தவனுக்குக் கண் பொய் சொல்லாது. சாப்பாடு தட்டிலேயே காயும். தாடி வளர்ந்து, வந்தவர்கள் நான் யாரோ சாமியார் என்று நினைத்து வாசலோடு கும்பிட்டுவிட்டுப் போனார்கள். உம்முடைய அக்கா ஒரு வார்த்தையும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எழும்பியிருப்பேனோ என்னவோ.

இந்த வருஷம் பொங்கலுக்கு முந்தின கிழமை அவள் நான் இல்லாமல் வெளிக்கிட்டு, காணாமற்போனவர்களின் விபரம் பதிகிற கந்தோருக்குப் போனாள். துணைக்குப் போனது கிண்ணியா ஜமால்தீன். உமக்கு ஞாபகம் இருக்கும், பாதைப் படகில் கடல் கடந்து சைக்கிளில் மீன் கொண்டுவருகிற ஜமால்தீன், இருபது வருஷமாய் எங்கள் வாசல் படலையில் மணி அடிக்கிறவர். இப்போது மீன் இல்லாத நாளிலும் வந்து மணி அடிக்கிறார். இருவரும் திரும்பி வந்தார்கள். இராசமலர் என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள்: “போட்டோ வேணுமாம். இல்லாட்டி வரைஞ்ச படமும் எடுப்பினமாம். ஆனால் பிள்ளையின்ர முகம் அச்சொட்டாய் இருக்க வேணுமாம்.” ஜமால்தீன் பக்கத்தில் நின்று இருமினார். “ஓமோ ஜமால்தீன்?” என்று கேட்டேன். இன்னும் கூட இருமினார். கடற்காற்று அவருடைய நெஞ்சுக்கு ஒத்துவருவதில்லை.

பொங்கல் கழிந்த மறுநாள் காலை, என்னுடைய பழைய வரைபலகையைத் தூசி தட்டி விறாந்தையில் வைத்து, பென்சிலைச் சீவி, கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு வந்து, போர்வையை உருவினாள். “இஞ்சருங்கோ, முப்பத்தொரு வருஷம் படம் கீறினனீங்கள். பிள்ளையின்ர முகத்தைக் கீறுங்கோ. ஒரு நாளைக்கு ஒண்டு. நூறு நாளைக்கு. ஒரு நாளும் தவறப்படாது.” எனக்கு ஆள் கீற வராது என்று சொன்னேன். துறைமுகப் படத்தில் ஆளுக்கு இடமில்லை. இறங்குதுறை, பாரந்தூக்கி, கப்பல் கயிறு கட்டுகிற இரும்புக் குற்றி, இவ்வளவும்தான். மனுசன் விழுந்தாலும் படத்தில் விழமாட்டான். “குற்றி கீற ஏலுமெண்டால் பிள்ளையைக் கீற ஏலாதோ?” என்றாள். எழும்பினேன்.

முதலாம் நாள் முறைப்படி தொடங்கினேன். முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேல்தோற்றம் மூன்றும் வரைந்தேன். மூக்கின் நீளத்துக்குக் கோடு போட்டு அளவு எழுதினேன். கீழே வலப்பக்கம் ‘அளவுத்திட்டம் 1:2’. மேல் மூலையில், கை தன்பாட்டில் போய், வடக்குக் காட்டுகிற அம்புக்குறியையும் போட்டுவிட்டது. இராசமலர் பார்த்தாள். “இதென்ன, பிள்ளையைக் கொங்கிறீற்றில கட்டப்போறீங்களோ?” ஆறு மாதத்துக்குப் பிறகு இந்த வீட்டில் விழுந்த முதற்பகிடி அதுதான். பிறகு, “பொறுங்கோ, கண்ணாடியைத் துடைச்சுக்கொண்டு வாறன்” என்று உள்ளே அறைக்குப் போனாள். வந்து சொன்னாள், புருவம் இப்படி இல்லை, இஞ்சால கொஞ்சம் ஏறியிருக்கும், காது ஒட்டி இருக்காது, விலகி நிற்கும். அதுதான் தொடக்கம். அன்றிலிருந்து நாள் தவறாமல் நான் ஒரு முகம் கீறுவேன், அவள் உள்ளே போய்க் கண்ணாடி துடைத்துக்கொண்டு வருவாள், வந்து பிழை சொல்லுவாள். என்னுடைய பிரதம பொறியியலாளர்கூட இவ்வளவு படத்தைத் திருப்பி அனுப்பியதில்லை.

முகங்கள் வந்த சீரை என்னவென்று சொல்ல! மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பாக்கியரத்தினம் ரீச்சரின் காலஞ்சென்ற புருஷன் வந்தார். ரீச்சர் பார்த்துக் கண் கலங்கி, இவ்வளவு காலத்துக்குப் பிறகும் அவரை ஞாபகம் வைத்திருக்கிறீர்களே என்று ஒரு தட்டு பயற்றம் பணியாரம் தந்தா. நான் உண்மையைச் சொல்லவில்லை, பணியாரம் நல்ல பதம். ஏழாம் நாள் ஜமால்தீன் வந்தார். வந்தார் என்றால் படத்தில். படலையிலும் வந்து நின்று, “யா அல்லாஹ், இது நானெல்லோ! என்ட மூஞ்சியை எப்பிடி ஐயா இவ்வளவு வடிவா எடுத்தீங்க?” என்று கேட்டு வாங்கிக்கொண்டு போகப் பார்த்தார். அரசாங்கத்துக்குக் கொடுக்க வேண்டிய தொடர் இலக்கம், இடையில் ஒன்று குறையக்கூடாது என்று மறித்துவிட்டேன். இருபதாம் நாள் என்னுடைய முகமே வந்துவிட்டது. முப்பத்தோராம் நாள் நீர் வந்தீர். “இது தம்பியெல்லோ!” என்று அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆகவே கனடாவில் நீர் எங்கேயாவது வழி தவறினால் கவலை வேண்டாம், உம்முடைய படம் இங்கே ஆயத்தமாக இருக்கிறது. இருந்தது என்று எழுதவேண்டும், அதற்கு வருகிறேன்.

எல்லார் முகமும் வந்தது. அவனுடையது மட்டும் வரவில்லை. யோகலிங்கம், இதை உமக்கு மட்டும் எழுதுகிறேன். எனக்குப் பிள்ளையின் முகம் மறந்துபோய்விட்டது. சத்தம் ஞாபகம் இருக்கிறது. படலையைக் காலால் தள்ளித் திறக்கிறது ஞாபகம் இருக்கிறது, அதற்கு நான் ஏசுகிறதும் ஞாபகம் இருக்கிறது. கண்ணை மூடினால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகைதான் வருகிறது. உம்முடைய அக்காவுக்கு எல்லாம் தெரிகிறது. எந்தப் புருவம் உயரம், எந்தப் பக்கம் பல் சற்று ஏறி நிற்கும், எல்லாம் கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்கிறாள். சில நாள் எனக்கு அவளில் பொறாமையாகவும் இருந்தது. பெற்றவளுக்கு முகம் நிற்கிறது, எரித்தவனுக்கு நிற்கவில்லை, நியாயம்தானே என்று நினைத்துக்கொள்வேன்.

நாற்பத்துமூன்றாம் நாள் எனக்கு ஒரு புத்தி வந்தது. புத்தி வந்த நாள்களில்தான் எனக்கு எப்போதும் கெடுதல் நடந்திருக்கிறது. எது தாசன் என்று நாங்கள் இரண்டு பேரும் ஏன் மண்டையை உடைக்கவேண்டும், நாற்பத்துமூன்றையும் கந்தோருக்கே கொண்டுபோய்க் கொடுப்போம், அந்த வேலையில் பழகினவர்கள், அவர்களே ஒன்றைத் தெரிந்தெடுக்கட்டும் என்று நினைத்தேன். இராசமலர் கிணற்றடியில் நின்ற நேரம் பார்த்து எல்லாவற்றையும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். கடுதாசியைப்பற்றி ஒரு சொல் எழுதவேண்டும். பென்சன் எடுத்து வரும்போது, கழித்துப்போட்ட பழைய படங்களை ஒரு கட்டாகக் கொண்டுவந்திருந்தேன். பின்பக்கம் வெள்ளை, இப்போது கடையில் கிடைக்காத கடுதாசி. அதில்தான் கீறினேன். முன்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று யோசிக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் பார்த்தது கண்ணுக்குத் தெரியாது. அப்படியாக, யுத்த காலத்தில், பட்டப்பகலில், திருகோணமலைத் துறைமுகத்தின் நாற்பத்துமூன்று வரைபடங்களைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மனுசன் கந்தோர் வழியில் இருக்கிற சோதனைச் சாவடிக்குத் தானாகவே நடந்து போனான்.

அங்கே இருந்த அதிகாரிக்குத் தமிழ் அரைகுறை. சுருளை விரித்தார். முதலாவதைக் காட்டி, “இது யார்?” என்றார். “மகன், சேர்.” இரண்டாவது. “இது யார்?” “மகன், சேர்.” மூன்றாவது ரீச்சரின் புருஷன். “அதுவும் மகன்தான், சேர்.” ஏழாவதில் நின்றார். “இது மீன்காரன்!” ஜமால்தீன் நாள்தோறும் அந்தச் சாவடியால்தானே போய்வருகிறவர். “இல்லை சேர், மகன்” என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி வைத்தார். “உனக்கு எத்தனை மகன்?” “ஒண்டு, சேர்.” நாற்பத்துமூன்றையும் எண்ணி மண்மூட்டையின் மேலே வரிசையாகப் பரப்பினார். “நாப்பத்திமூண்டு ஆள்! எல்லாம் எங்க? எங்க இருக்கிறது?”

“அதைத்தான் சேர் நானும் கேட்டுக்கொண்டு திரியிறன்” என்றேன்.

குறும்பாகச் சொல்லவில்லை. வாயில் அதுதான் வந்தது. அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்து இரண்டு தாள் மறுபக்கம் திரும்பின. ஒன்றில் இறங்குதுறை, மற்றதில் அதன் கீழ் கடலாழம். என்னைச் சுவரோடு திருப்பி நிறுத்தினார்கள். அந்த இறங்குதுறை பாதி இடிந்துபோய் இருபது வருஷம் என்று சொன்னேன், கேட்பாரில்லை. முகத்துக்கு மேலே ஏன் வடக்கு என்று கேட்டார்கள். பழக்கம் என்றேன். எந்த இடத்தின் வடக்கு என்றார்கள். நெற்றியின் வடக்கு என்று சொல்லலாமா? வெயிலில் மூன்று மணி வரைக்கும் நின்றேன். பயம் வரவில்லை. தாசனையும் இப்படித்தான் சுவரைப் பார்த்து நிறுத்தியிருப்பார்களோ, அவனுக்குத் தண்ணீர் விடாய் வந்திருக்குமோ என்று அதையேதான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

கண்டவர்கள் யாரோ போய்ச் சொல்ல, இராசமலர் ஓடி வந்தாள், பின்னால் ஜமால்தீன். அதிகாரி ஏழாம் இலக்கத்தையும் ஜமால்தீனையும் மாறி மாறிப் பார்த்தார். ஜமால்தீன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, தான் இந்த ஐயாவின் மகன் இல்லை, தனக்கும் இவருக்கும் நாலே வயசுதான் வித்தியாசம் என்று தனக்குத் தெரிந்த வியாபாரச் சிங்களம் முழுவதையும் கொட்டினார். இராசமலர் ஒருவரையும் பார்க்கவில்லை. மண்மூட்டைக்குக் கிட்டப் போய் ஒவ்வொரு தாளாகத் தொட்டாள். “இந்தக் காது என்ர பிள்ளையின்ர. இந்தப் புருவம் என்ர பிள்ளையின்ர. இந்த நாடி. மிச்சம் எல்லாம் இவருக்குக் கீறத் தெரியாமல் வந்தது. இவர் பாவம், விடுங்கோ.” ஜமால்தீன் அதைச் சிங்களத்தில் சொன்னார். அதிகாரி கழற்றி வைத்த தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு தாள்களை எல்லாம் கட்டி உள்ளே வைக்கச் சொல்லிவிட்டு, எங்களைப் போகச் சொன்னார். துறைமுகத்தைத் திருப்பித் தர ஏலாது என்றார். துறைமுகம் போனால் போகட்டும், அந்தக் காதையும் புருவத்தையுமாவது வெட்டித் தரலாமே என்று கேட்க வாய் வந்தது. இராசமலர் என் கையை நுள்ளினாள்.

வீட்டுக்கு வந்ததும்தான் அவளுக்குக் கோபம் வந்தது. நான் சாகப் பார்த்ததற்கு அல்ல. “ஆரைக் கேட்டுக் கந்தோருக்கு வெளிக்கிட்டனீங்கள்?” என்று அதையே பத்துத் தரம் கேட்டாள். தான் பாஸ் பண்ணாத படத்தோடு அந்தப் பக்கம் தலை வைத்தும் பார்க்கக்கூடாது என்று, என் கையைத் தூக்கித் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினாள். அடுத்த நாள் காலை ரீச்சரிடம் கோடு போடாத கொப்பி ஒன்று வாங்கிக்கொண்டு வந்து பலகையில் வைத்தாள். “இண்டைக்கு முதலாம் நாள்.” நாற்பத்துமூன்றையும் கழித்துவிட்டாள். அரசாங்கத்திலே இப்படி என்றால் தொழிற்சங்கத்துக்கு எழுதியிருப்பேன்.

இந்த இரண்டாம் நூற்றில் ஒன்றே ஒன்று சரியாக வந்தது. ஐம்பத்தெட்டாம் நாள். முகம் வராத கோபத்தில், எனக்குத் தெரிந்ததைக் கீறினேன். என்னுடைய கடைசி உத்தியோக வருஷங்களில் தாசன்தான் என்னைச் சைக்கிளில் ஏற்றித் துறைமுகத்துக்குக் கொண்டுபோய் விடுகிறவன், பதினைந்து பதினாறு வயதில். அவன் மிதிப்பான், நான் பின்னால் இருப்பேன். நாள்தோறும் அரை மணித்தியாலம் எனக்கு முன்னால் அவனுடைய பிடரி. இரட்டைச் சுழி, வலக்காதுக்குப் பின்னால் மச்சம், ஒருநாளும் நேரே நிற்காத சேட்டுக் கொலர், ஏற்றத்தில் கழுத்தில் இறங்குகிற வியர்வை. பென்சில் நிற்காமல் ஓடியது. மூலையில் போட்ட வடக்கும் அன்றைக்கு மட்டும் சரியான வடக்கு, நாங்கள் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம் என்று எனக்குத் தெரியும். இராசமலர் பார்த்தாள். அன்றைக்குக் கண்ணாடி துடைக்க உள்ளே போகவில்லை. நின்ற இடத்திலேயே நிலத்தில் இருந்துவிட்டாள். “இது அவன்தான்” என்றாள். நாங்கள் இரண்டு பேரும் அழுதோம், ஆடி மாதத்துக்குப் பிறகு முதற்தரம் ஒன்றாய் இருந்து அழுதோம். ஆனால் பிடரியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கந்தோரில் என்ன சொல்லுவார்கள்? ஆள் இந்தப் பக்கம் திரும்பினால் அறிவியுங்கள் என்பார்கள்.

இன்று நூறாம் நாள். காலையில் கீறிக் கொடுத்தேன். வழக்கம்போல உள்ளே போய்க் கண்ணாடி துடைத்துக்கொண்டு வந்தாள். “எல்லாம் கிட்ட வந்திட்டுது. மூக்குத்தான் இன்னும் அவன்ர இல்லை” என்றாள். நேர்த்தி வைத்த நூறு முடிந்தது என்று கோயிலுக்கு வெளிக்கிட்டாள். முடிந்தது யோகலிங்கம், இனி என்னால் ஏலாது. நூறு நாள் கீறியும் பெற்ற பிள்ளையின் மூக்கு வராதவன் இருநூறு நாள் கீறியும் என்ன? ஒரு போட்டோ போதும். பன்னிரண்டு வயதுப் போட்டோ என்றாலும் அதை வைத்து இருபது வயதுக்கு வளர்த்துக் கீறுவேன், அளவுத்திட்டத்தை மாற்றுகிற வேலை எனக்குத் தெரியும். முகம் கந்தோருக்குப் போய்ச் சேர்ந்தால் அவர்கள் தேடுவார்கள். முகம் இல்லாதபடியால்தான் இவ்வளவு நாளும் அவன் அகப்படவில்லை. இதை நான் முழுக்க நம்புகிறேன். கந்தோரில் முகம் ஒன்று இருந்திருந்தால் எப்போதோ படலையைக் காலால் தள்ளிக்கொண்டு வந்திருப்பான்.

உம்முடைய மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் இருவருக்கும் மாமாவின் ஆசீர்வாதம், நூறாண்டு இருக்கட்டும், தமிழ் மறக்காமல் இருக்கட்டும். மாதம் ஒருக்கால் அவர்களைப் போட்டோ எடுத்து இரண்டு மூன்று வீட்டில் பிரித்து வையும்.

இப்படிக்கு,
உம்முடைய அத்தான்,
க. கனகசுந்தரம்
(ஓய்வுபெற்ற படவரைஞர்)

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் வெட்டிவிட்டு இதை மட்டும் வாசியும். உறையில் எழுத உம்முடைய வீட்டு இலக்கம் வேண்டியிருந்தது. உம்முடைய பழைய கடிதங்கள் அக்காவின் அலுமாரி லாச்சியில் இருக்கும், பூட்டின் திறப்பு எப்போதும் அவளுடைய இடுப்பில். இன்று கோயில் அவசரத்தில் அலுமாரியிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். திறந்தேன். உம்முடைய கடிதங்களுக்குக் கீழே தாசனின் பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கை இருந்தது. அதற்குள்ளே அவன் இருந்தான். அடையாள அட்டைக்கு எடுத்த நாலில் ஒன்று. ஒரு மூலை எரிந்து கருகியிருக்கிறது. அன்றைக்கு அவள் கஞ்சி வடித்துக் கையைச் சுடவில்லை. ஓரமெல்லாம் விரல் பட்டுத் தேய்ந்துபோய்க் கிடக்கிறது. நாள்தோறும் கண்ணாடி துடைத்தது இங்கேதான். அவளுக்கும் முகம் மறந்துதான் போயிருக்கிறது.

அதோடு சேர்த்து மடித்து ஒரு துண்டும் இருந்தது. கந்தோரின் பற்றுச்சீட்டு, ‘புகைப்படப் பிரதி ஒன்று பெறப்பட்டது’, திகதி 09.01.1991. நான் முதலாவது முகம் கீறுவதற்கு ஆறு நாள் முன்னால். ஜமால்தீனின் இருமல் இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. இந்தப் போட்டோவைப் பிரதி எடுத்துக் கொடுத்து ஐந்து மாதம். முகம் அவர்களிடம் இருக்கிறது. பதில் வரவில்லை. வரைந்த படமும் எடுப்பார்கள் என்று அவள் சொன்னது என்னைக் கட்டிலால் எழுப்புவதற்கு. ஆல்பம் தவறிய கதையும் அதற்குத்தான் போல.

அவனைப் பார்த்தேன் யோகலிங்கம். பத்து மாதத்துக்குப் பிறகு பார்த்தேன். என்னுடைய நூற்றில் ஒரு முகமும் அவன் இல்லை. மூக்கில் எங்கே பிழை என்று கண்ட உடனேயே தெரிந்துவிட்டது, நுனி ஒரு நூல் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, என்னுடையது மாதிரி. எடுத்தபடியே மடித்து, இருந்தபடியே வைத்து, லாச்சியைச் சாத்திவிட்டேன். திறப்பும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நீர் இதைப்பற்றி அக்காவுக்கு ஒரு வரியும் எழுதவேண்டாம். போட்டோவும் அனுப்பவேண்டாம், அதை அங்கேயே பத்திரமாக வைத்திரும். அனுப்ப மனமிருந்தால் 2B பென்சில் ஒரு பெட்டி அனுப்பும், இங்கே கிடைக்கிறது எல்லாம் சீவச்சீவ முறிகிறது.

படலைச் சத்தம் கேட்கிறது. அவள் வந்துவிட்டாள். நூறு போதாது, இன்னொரு நூறு கீறப்போகிறேன் என்று சொல்லப்போகிறேன். நாளைக்கும் மூக்கைக் கொஞ்சம் பிழையாகத்தான் வைப்பேன்.